மீனாட்சியா, கயல்விழியா, யாழினியா, ஆதிரையா?

பெண் பிள்ளைக்குப் பெயர் தேடும்போது எல்லாரும் முதலில் கேட்பது "அதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. இணையத்தில் கிடைக்கும் பெயர்ப் பட்டியல் எதையாவது திறந்து பாருங்கள். அழகானவள், அறிவானவள், ஒளி பொருந்தியவள், லட்சுமியின் இன்னொரு பெயர், இந்த நாலுக்குள் முக்கால்வாசிப் பெயர்கள் அடங்கிவிடும். அதிலும் பாதிக்கு, பட்டியல் போட்டவரே தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது பொருளையும் சேர்த்து உண்டாக்கிவிட்டாரோ என்று சந்தேகம் வரும். மோசமான பொருள் உள்ள பெயரை யாரும் பிள்ளைக்கு வைக்கப்போவதில்லை, ஆக எல்லாம் நல்ல பொருள்தான். ஒரு பெயருக்கும் இன்னொரு பெயருக்கும் உள்ள வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது, பின்னால் ஒரு ஆளோ கதையோ நிற்கிறதா, வகுப்பில் இன்னும் எத்தனை பேர் அதே பெயரில் இருப்பார்கள், வாய்க்கு எப்படி வருகிறது, ஆங்கில எழுத்தில் போட்டால் என்ன கதியாகிறது.

பெங்களூரில் இருக்கும் என் தம்பிக்குப் பெண் பிறந்திருக்கிறது. நாங்கள் மதுரைக்காரர்கள். பெயர் வைக்கிற அன்று பிள்ளை காதில் மூன்று தரம் பெயரைச் சொல்வது எங்கள் பக்கம் அத்தையின் வேலை, அதனால் பட்டியலை வடிகட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், வருகைப் பதிவேட்டோடு காலம் தள்ளுகிறவள் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் கருத்தும் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து குவிந்ததில் ஷிகா, க்ஷிதா, ஸ்ரீ வகையறாக்களை எல்லாம் தம்பியும் அவன் வீட்டுக்காரியும் முதலிலேயே கழித்துவிட்டார்கள். மிஞ்சியவை நாலு: மீனாட்சி, கயல்விழி, யாழினி, ஆதிரை. இடையில் நிலாவும் வந்து போனது, அதையும் சொல்கிறேன்.

முதலில் மீனாட்சி. எங்கள் அப்பத்தா பெயர். மீன், அட்சி என்ற இரண்டும் சேர்ந்து மீன் போன்ற கண்ணை உடையவள். மீன் தன் முட்டையைப் பார்வையாலேயே பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை, அதுபோல அம்மன் பார்த்தாலே போதும், பக்தனுக்குக் காவல் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். வடமொழிப் பெயர் என்று இதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒன்று: இதே அம்மனை 7-ஆம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் "அங்கயற்கண்ணி" என்று தமிழில் பாடிவிட்டார். "மங்கையர்க்கரசி" என்று தொடங்கும் பதிகத்தில், "அங்கயற்கண்ணி தன்னொடும் அமர்ந்த ஆலவாய் ஆவதும் இதுவே" என்று வருகிறது. திருவிளையாடல் கதையில் இவளே தடாதகைப் பிராட்டியார், பாண்டியன் மகளாக வேள்வித் தீயில் பிறந்து, முடிசூடி, படை நடத்திப் போனவள். சித்திரையில் திருக்கல்யாணத்துக்கு முன்னால் பட்டாபிஷேகம் நடப்பது இவளுக்குத்தான், அதிலிருந்து நாலு மாதம் மதுரையில் இவள் ஆட்சி. ஒரு வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று கேட்பதற்கு "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்கிற ஊர் இது. பெண்ணுக்கு வைக்கிற பெயரில் இவ்வளவு அதிகாரம் உள்ள பெயர் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. மீனாட்சி பெயர் ஆண்கள் பெயருக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரம். மனைவி பெயர் முன்னால், கணவன் பெயர் பின்னால். நம் ஊரில் இப்படி எத்தனை பெயருக்கு அமையும்?

சரி, அப்புறம் ஏன் யாரும் வைப்பதில்லை? பழைய பெயர் என்ற எண்ணம்தான். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறையே ஒவ்வொரு ஆண்டும் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு என்று வெளியிட்டுவிடுகிறது, இங்கே நமக்கு அப்படி அரசுப் பட்டியல் கிடையாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. உங்கள் தெரு வாக்காளர் பட்டியலை எடுத்துப் பெயரையும் வயதையும் சேர்த்துப் படியுங்கள். எங்கள் தெருப் பட்டியலில் மீனாட்சி, விசாலாட்சி, காமாட்சி எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள், ப்ரியா, திவ்யா, வித்யா எல்லாம் முப்பது நாற்பதுக்காரர்கள். அதற்குக் கீழே வர வர ஒவ்வொரு பெயரின் வாலிலும் ஸ்ரீ ஒட்டிக்கொள்கிறது. ஆகப் பழைய பெயர் என்பதற்கு இன்னொரு பொருள், பால்வாடி வயதில் அந்தப் பெயருக்குப் போட்டியே இல்லை என்பது. நான் பாடம் எடுக்கும் வகுப்புகளில் ஒரு மீனாட்சி கூட இப்போது இல்லை.

வாய்க்கு வருவதிலும் சங்கடம் இல்லை. இந்தியா முழுக்கத் தெரிந்த பெயர், பஞ்சாபிலும் மீனாட்சிகள் உண்டு, பெங்களூரில் ஒருவரும் தடுமாற மாட்டார்கள். மீனா, மீனு என்று சுருக்கியும் கூப்பிடலாம். ஒரே குழப்பம் ஆங்கில எழுத்தில் 'கே எஸ் எச்' போடுவதா 'டி சி எச்' போடுவதா என்பது. நாம் உச்சரிக்கிறபடி போட்டால் வெளியூர்க்காரர்களுக்கு எழுத்துப்பிழை மாதிரி இருக்கும், அவர்களுக்காகப் போட்டால் நம் வாய்க்கு ஒட்டாது. எங்கள் வீட்டிலோ எழுத்தைவிடப் பெரிய பிரச்சினை அம்மா. மாமியார் பெயர் என்று கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை வாய் திறந்து சொன்னதில்லை, கோயிலுக்குப் போவதைக்கூட "அம்மன் கோயிலுக்கு" என்றுதான் சொல்வார். "நான் எப்படிடி அத்தை பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுவேன், கோவத்துல ஒரு வார்த்தை திட்டத்தான் முடியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பாட்டி பெயர் வைத்த வீடுகளில் பிள்ளையைப் பாப்பா, அம்மாளு, ஆத்தா என்று ஒரு வீட்டுப் பெயரில் கூப்பிடுவது இதற்காகத்தான். கடைசியில் அந்த வீட்டுப் பெயர்தான் நிற்கும், மீனாட்சி ஆதார் அட்டைக்குள் மட்டும் இருப்பாள்.

கயல்விழி அதே கண்ணுக்கு வேறு சட்டம் போட்ட மாதிரி. கயல் என்பது கெண்டை வகை மீன், பாண்டியன் கொடியில் இருந்ததும் அதுதான். பொருளில் மீனாட்சிக்கும் இதற்கும் நூலிழை வித்தியாசம் கூட இல்லை, ஆனால் ஒன்று கோயில் வழியாக வந்தது, இன்னொன்று இயக்கத்தின் வழியாக வந்தது. 1916-இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் என்பவர் மறைமலை ஆனதும், அதற்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. பிறகு திராவிட இயக்கம் அதை மேடையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. கயல்விழி, மலர்விழி, தேன்மொழி, கனிமொழி, தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, பூங்கோதை, இப்படி இரண்டு சொல் சேர்ந்த பெயர்கள் ஒரு தலைமுறைக்கே அடையாளமாகிப் போயின. கட்சித் தலைவரே மேடையில் வைத்துப் பெயர் சூட்டிய பிள்ளைகள் எங்கள் பள்ளியில் ஆசிரியைகளாக இருக்கிறார்கள். பெயரைக் கேட்டவுடன் அப்பா எந்தக் கட்சி என்று ஊகித்துவிடலாம் என்கிற நிலை அப்போது இருந்தது. இன்று அது போய்விட்டது, கயல்விழி என்றால் நல்ல தமிழ்ப் பெயர், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்தது 'கயல்' என்ற முன்பாதி. கூப்பிடுவதற்கு அதைவிட நல்ல ஒலி இந்தப் பட்டியலிலேயே இல்லை, தெருமுனையிலிருந்து கத்திக் கூப்பிட்டாலும் காதில் விழும். பிடிக்காதது பின்பாதி. எங்கள் மதுரைப் பக்கத்தில் பாதிப் பேர் வாயில் ழ வராது, வாழைப்பழம் வாளைப்பளம்தான், அந்தக் கணக்கில் கயல்விழி 'கயல்விளி' ஆகிவிடுவாள். பெங்களூரில் ஆங்கில எழுத்தில் 'இசட் எச்' பார்த்ததும் வேறு ஏதோ வரும். இப்போதெல்லாம் விழியை விட்டுவிட்டுக் கயல் என்று மட்டும் வைக்கிறார்கள், நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் தம்பி மனைவி, "அண்ணி, பாதிப் பேரை வெட்டி வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அது அவரவர் காது.

யாழினிக்கு வருவோம், இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும். ஏனென்றால் இந்தத் தலைமுறைப் பெற்றோருக்கு 'தமிழ்ப் பெயர் வைக்கணும்' என்று தோன்றியதும் முதலில் நாக்கு நுனிக்கு வருவது இதுதான். யாழ், பண்டைத் தமிழரின் நரம்புக் கருவி. 21 நரம்பு கொண்ட பேரியாழிலிருந்து 7 நரம்பு கொண்ட செங்கோட்டியாழ் வரை வகைகள் இருந்திருக்கின்றன. சம்பந்தர் கூடவே ஊர் ஊராகப் போய் அவர் பாட்டுக்கு யாழ் வாசித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் "மாதர் மடப்பிடி" பதிகத்தை அந்தக் கருவியில் அடக்கிக் காட்ட முடியாமல் அவர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர் தடுத்தார் என்பது யாழ்முறிக் கதை. பிறகு அந்தக் கருவி வழக்கொழிந்து வீணை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல ஆண்டுகள் ஆராய்ந்து யாழின் இலக்கணத்தை மீட்டு எழுதிய 'யாழ் நூல்' 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது, அதே ஆண்டில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

பெயராக யாழினி புதியது, சமீபத்தில் கட்டின பெயர். ஆனால் கட்டின அச்சு பழையது. பாணர் குலத்துப் பாடும் பெண்ணைச் சங்கப் பாட்டு பாடினி என்கிறது, அந்த அச்சில் யாழை வார்த்தால் யாழினி. பிள்ளைக்கு வைக்கும் பெயர் என்கிறபோது எல்லாரும் "குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்" குறளையும் சேர்த்துச் சொல்வார்கள், பெயர் சூட்டு விழா அழைப்பிதழில் அதை அச்சடிக்காத யாழினி வீடு அநேகமாக இருக்காது. என்ன, அந்தக் குறளில் வள்ளுவர் யாழின் பக்கம் நிற்கவில்லை. யாழ் இனிது என்று சொல்கிறவர்கள் பிள்ளையின் மழலையைக் கேட்காதவர்கள் என்கிறார். அழைப்பிதழில் போடுகிறவர்கள் ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டுப் போடலாம்.

குறை என்று பார்த்தால் இரண்டு. ஒன்று, கூட்டம். எங்கள் பள்ளி எல்.கே.ஜி. வருகைப் பதிவேட்டைத் திறந்தால் ஒரே பிரிவில் எஸ். யாழினி, ஆர். யாழினி, எம். யாழினி என்று வரிசையாக நிற்கிறார்கள், பக்கத்துப் பிரிவில் யாழிசையும் யாழ்மொழியும். "யாழினி" என்று கூப்பிட்டால் மூன்று தலைகள் திரும்புகின்றன, ஆகவே பிள்ளைகளே ஒருத்தியை 'எஸ்' என்றும் ஒருத்தியை 'ஆர்' என்றும் கூப்பிடப் பழகிவிட்டார்கள். தனித்த பெயர் வேண்டும் என்று தேடித் தேடி வைத்த பெயர் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்தாகிவிடுகிறது. 'இனி'யில் முடியும் மற்றவர்கள், மகிழினி, தமிழினி, இவர்களும் இதே பாதையில் வந்துகொண்டிருக்கிறார்கள். போகிற போக்கில் முப்பது வருடம் கழித்து யாழினி என்றால், இன்று ப்ரியா என்ற பெயரைக் கேட்டதும் பிறந்த காலத்தைச் சொல்லிவிடுகிற மாதிரி, சொல்லிவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குறை, கயல்விழிக்குச் சொன்ன அதே ழ. மதுரை வாயில் யாளினி. புதுமண்டபத்துத் தூண்களில் யாளி பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும், பெண் யாளி என்று பெயர் வைத்த மாதிரி. ஈழத் தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது பெரும்பாலும் ழ-வுக்கு வெறும் 'எல்' போட்டுவிடுவதால் அவர்கள் பிள்ளைகள் வெளிநாட்டில் யாலினி ஆகிறார்கள். நம் ஊர் வழக்கப்படி 'இசட் எச்' போட்டால் வடக்கத்தி ஆசிரியை வாயில் என்ன வரும் என்று சொல்லவே முடியாது. சென்னையிலோ திருச்சியிலோ வளரப்போகிற பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பெங்களூரில் வளரப்போகிற பிள்ளைக்கு, ஒவ்வொரு ஜூன் மாதமும் புது ஆசிரியைக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொடுக்கிற வேலை நிச்சயம்.

கடைசியாக ஆதிரை. வடமொழி ஆர்த்ரா தமிழில் ஆதிரை ஆனது, 27 நட்சத்திரத்தில் ஒன்று. ஆர்த்ரா என்றால் ஈரம், நனைந்தது. 27-இல் 'திரு' அடைமொழி பெற்றவை இரண்டே இரண்டு, திருவாதிரையும் திருவோணமும். முன்னது சிவனுக்கு, பின்னது பெருமாளுக்கு என்று சொல்வது வழக்கம். ஆனால் ஆதிரை அப்படி ஒரு பக்கம் மட்டும் நிற்கிற பெயர் அல்ல, எனக்கு இதில் ஆர்வம் வந்ததே அதனால்தான். மார்கழித் திருவாதிரையில் சிதம்பரம் நடராசர் தரிசனமும் வீட்டில் ஒரு வாய்க் களியும் சைவர்களுக்கு. அப்பர் திருவாரூர் விழாவைப் பாடும்போது பாட்டுக்குப் பாட்டு "ஆதிரை நாளால் அது வண்ணம்" என்றுதான் முடிக்கிறார். இன்னும் பின்னால் போனால் பரிபாடலிலேயே முழுநிலவு நாளில் ஆதிரை விழா வருகிறது. வைணவர் பக்கம் போனால், 1017-இல் ராமானுசர் பிறந்தது சித்திரைத் திருவாதிரை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால் முதலாம் ராசேந்திர சோழன் பிறந்தது ஆடித் திருவாதிரை, இன்று அரசு விழாவாகவே கொண்டாடுகிறார்கள்.

இவை எல்லாம் நாளைப் பற்றியவை. ஆளாக ஒருத்தி வேண்டும் என்றால், அவள் இருப்பது பௌத்தக் காப்பியத்தில். மணிமேகலையின் 16-ஆம் காதைக்குப் பெயரே 'ஆதிரை பிச்சையிட்ட காதை'. கணவன் சாதுவன் சூதாடிச் சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வணிகர்களோடு கப்பலேறிப் போகிறான், கப்பல் உடைகிறது, அவனும் செத்தான் என்று ஊருக்குச் செய்தி வருகிறது. ஆதிரை தீ வளர்த்து இறங்குகிறாள், தீ அவளைச் சுடவில்லை. தீயும் சுடாத பாவியாகிவிட்டேனே என்று அழும்போது, உன் கணவன் நாகர் வாழும் இடத்தில் உயிரோடு இருக்கிறான், திரும்பி வருவான் என்று ஒரு குரல் கேட்கிறது. அப்படியே சந்திரதத்தன் என்ற வணிகனின் மரக்கலத்தில் அவன் வந்து சேர்கிறான். மணிமேகலை கையில் அமுதசுரபி கிடைத்தபோது முதல் பிச்சையை யாரிடம் வாங்குவது என்ற கேள்வி வர, காயசண்டிகை காட்டிவிட்ட வீடு ஆதிரை வீடு. அதன் பிறகுதான் அந்தப் பாத்திரத்தில் சோறு அள்ள அள்ளக் குறையாமல் வருகிறது. தீயில் இறங்குகிற பகுதி இன்றைக்கு நமக்கு ஒட்டாது, பத்து வயதில் பிள்ளை கேட்டால் அதை எப்படிச் சொல்வது என்று அப்பா அம்மா யோசித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஊருக்கெல்லாம் சோறு போட்ட பாத்திரத்தில் முதல் கை இவளுடையது என்பது இருக்கிறதே, மற்ற மூன்று பெயருக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிள்ளையிடம் உட்கார்த்திவைத்துச் சொல்லக்கூடிய கதை இதுதான் என்று தோன்றுகிறது.

அப்புறம், காட்டவும் முடியும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றால், மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்கிற ஓரியன் கூட்டத்தில், ஒரு தோளில் செம்மையாக மின்னுவது ஆதிரை, வானியல்காரர்கள் பீட்டல்ஜூஸ் என்பது. 2019 கடைசியில் அது திடீரென்று மங்கிப்போய், வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பேசியது, பிறகு பழையபடி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பெங்களூர் வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு பிரகாசமானது.

வகுப்பில் எப்படி? ஆதிரையும் இப்போது பரவிக்கொண்டிருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் யாழினி அளவுக்கு இன்னும் வரவில்லை. கேரளத்தில் ஆதிரா என்ற வடிவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெங்களூரில் அக்கம்பக்கத்தில் மலையாளிகள் இருந்தால் ஆதிரா என்றுதான் கூப்பிடுவார்கள். அது பெரிய சேதமில்லை. ழ இல்லை, க்ஷ இல்லை, எந்த மொழிக்காரர் வாயிலும் ஓரளவு சரியாக வரும். சுருக்கினால் ஆது, ஆதி. ஆதி என்று பையன்களும் இருப்பதால் ஆது பரவாயில்லை. பள்ளியில் ஒரு தொந்தரவு உண்டு, அகர வரிசையிலும் ஆங்கில வரிசையிலும் இவள் முதல் ஆள். செய்முறைத் தேர்வோ வாய்மொழித் தேர்வோ, முதலில் எழுந்து போகிறவள் இவளாகத்தான் இருப்பாள். யாழினிகள் கடைசியில் உட்கார்ந்து என்ன கேட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

ராசி எழுத்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை. நட்சத்திர எழுத்துக் கணக்குப்படி திருவாதிரைக்கு உரியவை கு, க, ங, ச. ஆதிரை என்ற பெயரை ஆதிரையில் பிறந்த பிள்ளைக்கு வைக்க முடியாது, அ-வில் தொடங்குவதால் அது கார்த்திகைக்குப் போய்விடுகிறது. ங-வில் தொடங்கும் பெயரை எந்தச் சோதிடராவது யாருக்காவது எடுத்துக் கொடுத்திருக்கிறாரா என்று எனக்கு நெடுநாள் ஆசை, தெரிந்துகொள்ள. அதே கணக்கில் மீனாட்சி மகத்துக்கு, யாழினி கேட்டைக்கு. எங்கள் பிள்ளை அனுஷம், அதற்கு ந, நி, நு, நே. நிலா பட்டியலுக்குள் வந்தது அதனால்தான். பாரி மகளிரின் "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்" காலத்திலிருந்து நம்மோடு இருக்கிற சொல், இரண்டே எழுத்து, குறை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கில எழுத்தில் போட்டால் நிலாவா நீலாவா என்று தெரியாது, மலையாளிக்கு அது நிளா, பாரதப்புழை ஆறு. அதோடு எழுத்துக்காக வந்த பெயர் எழுத்துக்காக மட்டுமே நிற்பது தெரிந்தது. எழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், காதில் சொல்லும் பெயராக ஒன்றை அந்த எழுத்தில் வைத்துவிட்டு, சான்றிதழில் பிடித்த பெயரைப் போடலாம். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது.

ஆகவே என் கணக்கு இது. தமிழ்நாட்டுக்கு வெளியே வளரப்போகிற பிள்ளை, தமிழ்ப் பெயராகவும் இருக்க வேண்டும், பின்னால் கதையும் வேண்டும் என்றால் ஆதிரை, இதில் எனக்குத் தயக்கம் இல்லை, தம்பியிடமும் அதையே சொன்னேன். மதுரைப் பக்கத்து வீடு, பாட்டி பெயர், அதைச் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்படாத குடும்பம் என்றால் மீனாட்சியை விடாதீர்கள், இன்றைக்கு வைத்தால் அவள் ஒருத்திதான் வகுப்பில் மீனாட்சியாக இருப்பாள். கயல் என்று மட்டும் வைக்க மனது ஒப்பினால் வையுங்கள், கயல்விழி என்றால் ழ வருகிற ஊரில் வையுங்கள். யாழினி அழகான பெயர்தான், எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாதவர்களுக்கு.

எதை முடிவு செய்தாலும் ஆங்கில எழுத்தை ஒரு தாளில் எழுதி, தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆதிரைக்குத் தொடக்கத்தில் இரண்டு 'ஏ' போடச் சொல்வேன், ஒன்று மட்டும் போட்டால் அதிரை என்றுதான் படிப்பார்கள், அது அதிராம்பட்டினத்துக்காரர்கள் தங்கள் ஊரைச் செல்லமாகச் சொல்லும் பெயர். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், ஆனால் பெயரை அப்போதே சொல்ல வேண்டியதில்லை, 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. அதனால் மருத்துவமனையில் படிவத்தை நீட்டிப் பெயரைக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம், முன்போலப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டிச் சமாளிக்க முடியாது. பதிவு செய்கிற இடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் தட்டச்சு செய்ததைத் திரையில் ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள், முக்கியமாக யாழினி வைப்பதாக இருந்தால், அந்த ழ, ள ஆகியிருக்கிறதா என்று.